பருந்துக்குப் பந்தி வைத்தது யார்?

வேட்டைக்காகப் பேணும் நிலத்தில் பறவை குறைந்துபோனால் பழி முதலில் பருந்தின் தலையில்தான் விழும். அடுத்தது நரி. பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாக இதுதான் பேச்சு. எதிர்ப்பக்கம் நிற்கிறவர்களிடம் கேட்டால், இரைகொல்லி ஒருநாளும் இரையின் எண்ணிக்கையைக் குறைக்காது, இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். இரண்டு தரப்பும் இவ்வளவு உறுதியாகப் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு லாங்ஹோம் நினைவுக்கு வரும். அங்கே பல வருடம் மழையிலும் காற்றிலும் நடந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கிடைத்த விடை இரண்டு தரப்புக்குமே உவப்பானதாக இல்லை. அந்த விடையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

லாங்ஹோம் என்பது ஸ்காட்லாந்தின் தெற்கு விளிம்பில், இங்கிலாந்து எல்லையிலிருந்து சில மைல் தொலைவில் இருக்கும் சிற்றூர். கம்பளித் துணி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அதையொட்டி, டாரஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் இருபுறமும் அலையலையாக ஏறி இறங்கும் மேட்டு நிலம்தான் லாங்ஹோம் மூர். நெடுங்காலமாக பக்ளூ பிரபு குடும்பத்து எஸ்டேட்டின் வசம் இருந்தது. மரம் அதிகம் கிடையாது. முழங்கால் உயரத்துக்கு ஹெதர் என்ற குறும்புதர், ஆகஸ்டில் மலைச்சரிவு முழுக்க ஊதாவாகப் பூக்கும். ஹெதர் இல்லாத இடங்களில் வெளிறிய முரட்டுப் புல். இந்த ஹெதருக்கும் புல்லுக்கும் உள்ள விகிதத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெதரை நம்பி வாழும் பறவை ரெட் கிரௌஸ். கோழியில் பாதி அளவு, செம்பழுப்பு நிறம், கால் விரல்வரை வெள்ளை இறகு போர்த்தியிருக்கும். வளர்ந்த பறவைக்கு ஹெதர் தளிர்தான் சாப்பாடு. குஞ்சுக்கு மட்டும் முதல் சில வாரம் பூச்சி வேண்டும். ஃபெசன்ட் பறவையைப் போல இதைக் கூண்டில் பொரிக்கவைத்து லட்சக்கணக்கில் வெளியே விட முடியாது. வேட்டைக்குக் கிரௌஸ் வேண்டுமென்றால் அது அந்த நிலத்திலேயே முட்டையிட்டுப் பெருக வேண்டும். ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை வேட்டைக் காலம். ஒரு வரிசையில் ஆட்கள் கொடி வீசிப் பறவைகளைக் கிளப்பிவிட, எதிரே கல் மறைப்புகளில் துப்பாக்கியோடு நிற்பவர்கள் தலைக்கு மேல் பறப்பவற்றைச் சுடுவார்கள். அதற்குப் பறவை எக்கச்சக்கமாக இருக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் ஆள்கூலிகூடத் தேறாது. அதனால்தான் கேம்கீப்பர் என்ற முழுநேர வேலைக்காரர்கள். முற்றிய ஹெதரைப் பட்டை பட்டையாக எரித்துப் புதுத் தளிர் வரவைப்பார்கள். நரியைச் சுடுவார்கள். காகத்துக்குக் கூண்டு வைப்பார்கள். ஸ்டோட் என்கிற, கீரியை நினைவூட்டும் சின்ன ஊனுண்ணிக்குப் பொறி வைப்பார்கள். இவையெல்லாம் சட்டத்துக்கு உட்பட்ட வேலைகள். பெரும்பாலான பருந்து இனங்களைத் தொடுவது மட்டும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே குற்றம்.

லாங்ஹோமுக்குப் போவதற்கு முன் இரண்டு பழைய வேலைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1930களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பால் எரிங்டன் என்ற ஆய்வாளர் பாப்வைட் காடைகளைப் பனிக்காலம் முழுக்கப் பின்தொடர்ந்தார். ஒரு நிலத்தில் ஒளிவிடமும் தீனியும் இத்தனை காடைகளுக்குத்தான் என்று ஒரு வரம்பு இருக்கிறது, அதற்கு மேல் இருப்பவை எப்படியும் சாகப்போகிறவை, ஆந்தை தின்றாலும் குளிர் தின்றாலும் வசந்தத்தில் மிஞ்சும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான் என்றார். நிறைந்த பானையிலிருந்து வழிகிற தண்ணீரைத்தான் இரைகொல்லி குடிக்கிறது என்பது மாதிரியான வாதம். கொன்ற எண்ணிக்கை வேறு, குறைத்த எண்ணிக்கை வேறு என்பதை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் அவர். எரிங்டனைப் படிக்காமல் இந்த விஷயத்தைப் பேசவே கூடாது என்பது என் கட்சி.

ஆனால் அதை எல்லா இடத்துக்கும் நீட்டிவிட முடியாது. 1980களின் பிற்பாதியில் தெற்கு இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் ஒரு சோதனை நடந்தது. ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நிலங்கள். ஒன்றில் நரி, காகம், மேக்பை என்ற காக இனப் பறவை, ஸ்டோட் வகையறாவை வசந்தம் முதல் கோடை வரை கட்டுப்படுத்தினார்கள்; இன்னொன்றை அப்படியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்து இரண்டையும் மாற்றிக்கொண்டு இன்னொரு மூன்று வருடம். கட்டுப்படுத்திய இடத்தில் சாம்பல் கவுதாரியின் இலையுதிர்கால எண்ணிக்கை, சும்மா விட்ட இடத்தோடு ஒப்பிட 3.5 மடங்கு, அடுத்த வசந்தத்து இனப்பெருக்கப் பறவைகள் 2.6 மடங்கு. நிலத்தை மாற்றியதும் விளைவும் கூடவே மாறியது. தரையில் கூடு வைத்து மூன்று வாரத்துக்கு மேல் அதே இடத்தில் உட்கார்ந்து அடைகாக்கும் பறவைக்கு நரி என்பது எப்படியும் வழிந்துபோகும் தண்ணீரைக் குடிக்கும் விருந்தாளி கிடையாது. அது தாயையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. பனிக்காலத்தில் உபரியைத் தின்பதும் வசந்தத்தில் முட்டைமேல் இருக்கும் பெட்டையைத் தின்பதும் ஒரே கணக்கில் வராது. கவுதாரி விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பயிருக்கு அடித்த மருந்தால் குஞ்சுகளுக்கான பூச்சி அழிந்ததை டிக் பாட்ஸ் சசெக்ஸ் வயல்களில் பல வருடம் அளந்து காட்டினார். பூச்சி இல்லாத வயலில் நரியை மட்டும் விரட்டினால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

இனி லாங்ஹோம்.

1992இல் அங்கே ஒரு கூட்டு ஆய்வு தொடங்கியது. எஸ்டேட்டின் சம்மதத்தோடு, மூர் முழுக்க இரைகொல்லிப் பறவைகளுக்கு முழுப் பாதுகாப்பு. ஸ்டீவ் ரெட்பாத், சைமன் தர்குட் இருவரும் தலையாய ஆய்வாளர்கள். முக்கியமான பாத்திரம் ஹென் ஹாரியர் என்ற பூனைப்பருந்து. கோவில்பட்டி, திருநெல்வேலிப் பக்கத்துக் கரிசலில் பனிக்காலத்தில் வலசை வரும் பூனைப்பருந்துகளைப் பார்த்தவர்களுக்கு இதன் பறத்தல் உடனே பிடிபடும். அதே குடும்பம், அதே தாழ்வான மிதப்பு, இறக்கைகள் மேல்நோக்கி ஒரு ஆழமற்ற வி வடிவில். ஆண் வெளிர்ச் சாம்பல், இறக்கை நுனியில் கறுப்பு. பெண் பழுப்பு, வாலின் அடியில் வெள்ளைப் பட்டை. ஹெதருக்குள் தரையில்தான் கூடு கட்டும்.

1992இல் அந்த மூரில் கூடு வைத்த பெண் பூனைப்பருந்துகள் 2. 1997இல் 20.

கிரௌஸ் எண்ணிக்கைக்கு ஏறுவதும் இறங்குவதுமாக ஒரு சுழற்சி உண்டு. குடலில் வாழும் ஒரு புழுவுக்கு அதில் பெரிய பங்கு என்பதை பீட்டர் ஹட்சன் நிரூபித்திருக்கிறார். லாங்ஹோமில் ஏறக்குறைய ஆறு வருடத்துக்கு ஒருமுறை உச்சம் வரும். 1990இல் வந்தது. அடுத்தது 1996இல் வந்திருக்க வேண்டும். முன்பு லாங்ஹோமோடு சேர்ந்தே ஏறி இறங்கிய பக்கத்து மூர்கள் இரண்டில் அந்த உச்சம் வந்தது. லாங்ஹோமில் வரவில்லை.

அறிக்கை 1997இல் வெளியானபோது எண்கள் இப்படி இருந்தன. ஏப்ரல், மே மாதங்களில் இனப்பெருக்கத்துக்குத் தயாராக இருந்த கிரௌஸில் சராசரி 30 சதவீதத்தை இரைகொல்லிப் பறவைகள் கொன்றன. 1995, 1996 கோடைகளில் குஞ்சுகளில் சராசரி 37 சதவீதத்தைப் பூனைப்பருந்துகள் எடுத்தன. இவை பெரும்பாலும் மற்றச் சாவுகளுக்கு மேல் கூடுதலாக நடந்த சாவுகள். எரிங்டன் சொன்ன உபரி அல்ல. இரண்டும் சேர்ந்து இலையுதிர்காலக் கிரௌஸ் எண்ணிக்கையைப் பாதியாக்கின. பனிக்காலத்திலும் சுமார் 30 சதவீதம் கொல்லப்பட்டது. அதில் எத்தனை எப்படியும் செத்திருக்கும் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்கள் நேர்மையாக எழுதினார்கள்.

ஆகவே, பருந்து கிரௌஸைக் குறைக்கவே இல்லை என்று இனி யாரும் பொதுவாகச் சொல்ல முடியாது. நான் பருந்துகளின் பக்கம் நிற்கிறவன். இருந்தாலும் இந்த எண்களைப் பூசி மெழுக எனக்கு மனமில்லை. கேம்கீப்பர்கள் வெகுகாலமாகச் சொன்னதில் உண்மை இருந்தது.

அறிக்கையை இந்த இடத்தோடு மூடிவைத்தவர்கள்தான் அதிகம். அதன் அடுத்த பகுதிதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. 2 எப்படி 20 ஆனது? சட்டவிரோதமாகக் கொல்வது நின்றது முதல் காரணம். ஆனால் பாதுகாப்புக் கொடுத்த எல்லா மூரிலும் பூனைப்பருந்து இந்த அளவுக்குப் பெருகவில்லை. பல மூர்களை ஒப்பிட்டபோது தெரியவந்தது: ஓரிடத்தில் எத்தனை பூனைப்பருந்து கூடு வைக்கும் என்பதைக் கிரௌஸ் தீர்மானிப்பதில்லை. புல்வெளி நெட்டைக்காலி என்ற சிட்டுக்குருவி அளவுப் பறவையும், வோல் என்ற வயலெலியும்தான் தீர்மானிக்கின்றன. இவை இரண்டும் எங்கே செழிக்கும்? சுத்தமான ஹெதரில் அல்ல. ஹெதரும் புல்லும் கலந்து கிடக்கிற நிலத்தில்.

1948க்கும் 1988க்கும் இடையில் லாங்ஹோம் மூர் தன் ஹெதர் பரப்பில் 48 சதவீதத்தை இழந்திருந்தது. காரணம் பெரும்பாலும் ஆடு. அளவுக்கு மீறி மேய்ந்த செம்மறிகள் ஹெதரைக் கடித்து ஒடுக்க, அந்த இடத்தைப் புல் பிடித்தது. புல்லில் வோலும் நெட்டைக்காலியும் பெருகின. அவற்றை நம்பிப் பூனைப்பருந்து வந்து கூடு வைத்தது. ஜூனில் குஞ்சுக்கு இரை தேடும் நேரத்தில், அதே நிலத்தில் ஹெதர் சுருங்கிப்போனதால் ஏற்கனவே மெலிந்திருந்த கிரௌஸ் குடும்பங்கள் கண்ணில் பட்டன.

இதில் கணக்கு எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். பருந்தின் எண்ணிக்கை கிரௌஸைப் பொறுத்திருந்தால், கிரௌஸ் குறையும்போது பருந்தும் குறைந்து, கிரௌஸ் மூச்சுவிட நேரம் கிடைக்கும். இங்கே அப்படி இல்லை. பருந்துக்குச் சோறு போடுவது வோல். கிரௌஸ் எவ்வளவு குறைந்தாலும் 20 பெட்டைகளும் அங்கேதான் இருக்கும். ஐயாயிரம் குஞ்சில் ஐநூறை எடுத்தால் பத்தில் ஒன்று. ஆயிரம் குஞ்சில் அதே ஐநூறை எடுத்தால் பாதி. (இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை.) கிரௌஸ் அதிகமிருக்கும் மூரில் பருந்தின் பங்கு தெரியாமலே போய்விடும், ஏற்கனவே சரிந்த மூரில் அதே பருந்து கிரௌஸைக் குழிக்குள் அமுக்கி வைத்துவிடும். குழியைத் தோண்டியது ஆட்டு மந்தையும், அதை அவிழ்த்துவிட்ட நிலக் கொள்கையும்.

வேலை நிமித்தம் எல்லைக்கு இந்தப்பக்கம் இங்கிலாந்தில் உள்ள கார்லைல் ஊர்ப் பக்கம் குடியிருந்த காலத்தில், விடுமுறை நாட்களில் லாங்ஹோமுக்குப் போய்விடுவேன். ஒரு ஜூன் மாலை பார்த்தது இன்னும் அப்படியே இருக்கிறது. ஆண் பருந்து காலில் எதையோ பற்றிக்கொண்டு சரிவின் மேல் வந்தது. கூட்டிலிருந்து பெண் எழும்பி அதன் கீழே பறந்தது. ஆண் இரையை நழுவவிட, பெண் வானத்திலேயே மல்லாந்து, காலை மேலே நீட்டி அதைப் பிடித்தது. கண்ணிமைக்கும் நேரம். தொலைநோக்கியில் தெரிந்தது சின்ன வால், மழுங்கிய தலை: வோல். அன்று பார்த்த வரையில் எல்லா இரையும் வோலாகவோ நெட்டைக்காலியாகவோதான் இருந்தது.

திரும்பும் வழியில் ஹெதர் ஓரத்தில் கிரௌஸ் இறகுகள் வட்டமாகச் சிதறிக் கிடந்தன. என்னோடு வந்த நண்பர், ஓய்வுபெற்ற கேம்கீப்பர், குனிந்து ஒரு இறகை எடுத்து அடித்தண்டை விரலால் தடவிக் காட்டினார். தண்டு முழுதாக இருந்தது, ஓரிடத்தில் மட்டும் அலகு பதிந்த சின்ன வெட்டு. பருந்தோ பைரியோ இறகைப் பிடுங்கினால் இப்படித்தான் இருக்குமாம். நரி என்றால் பல்லால் கடித்துத் துண்டித்திருக்கும். தண்டின் அடி நசுங்கி, கொத்தாக எச்சில் ஒட்டிக் கிடக்கும். ஆய்வாளர்களும் ஒரு பறவை செத்ததற்கான பழியை யார் மேலாவது சுமத்துவதற்கு முன் இதைத்தான் பார்க்கிறார்கள். அவர் அந்த இறகைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இந்த மூரை நான் கருஞ்சிவப்பாகப் பார்த்திருக்கிறேன், இப்போது வைக்கோல் நிறமாக இருக்கிறது என்றார். பருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பருந்தையும் கொல்லாமல் கிரௌஸையும் காப்பாற்ற முடியுமா என்று 1998, 1999இல் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு, அதன்மேல் இறந்த வெள்ளெலிகளையும் கோழிப்பண்ணையில் கழித்த ஆண் குஞ்சுகளையும் தினமும் வைத்தார்கள். பருந்துகள் மறுப்புச் சொல்லாமல் எடுத்தன. தீனி வைத்த கூடுகளுக்கு நூறு மணி நேரத்துக்குச் சராசரி 0.5 கிரௌஸ் குஞ்சு வந்தது. வைக்காத கூடுகளுக்கு 3.7. இவ்வளவு எளிய வேலைக்கு இவ்வளவு பெரிய வித்தியாசம். ஆனாலும் அந்த வருடங்களில் கிரௌஸ் எண்ணிக்கை ஏறவில்லை. பருந்தின் வாயிலிருந்து தப்பிய குஞ்சு வேறெங்கோ போய்ச் செத்தது.

1999இல் எஸ்டேட் கிரௌஸ் பராமரிப்பை நிறுத்தியது. கேம்கீப்பர்கள் போனார்கள். இனிப் பருந்துக்குப் பொற்காலம் என்றுதான் நானாக இருந்தால் நினைத்திருப்பேன். நடந்தது நேர்மாறு. நரியும் காகமும் பெருகின. சில வருடத்தில் பூனைப்பருந்து மறுபடி விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. அதுவும் தரையில் கூடு வைக்கும் பறவைதானே, நரிக்குக் கிரௌஸ் குஞ்சும் பருந்துக் குஞ்சும் ஒன்றுதான். ஆட்காட்டி, கர்லூ என்ற வளைந்த அலகுப் பறவை, பொன்னிற உப்புக்கொத்தி எல்லாம் சரிந்தன. பருந்து குறைந்தும் கிரௌஸ் மீளவில்லை. கிரௌஸுக்காக நரியைச் சுட்ட கேம்கீப்பர், தனக்கே தெரியாமல் பூனைப்பருந்துக்கும் காவல் நின்றிருக்கிறார்.

இது லாங்ஹோமுக்கு மட்டும் நேர்ந்த விசித்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. வடக்கு இங்கிலாந்தின் ஆட்டர்பர்னில் 2000 முதல் 2008 வரை சாலிஸ்பரி பாணியிலேயே நிலங்களை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். நரியும் காகமும் கட்டுக்குள் இருந்த இடங்களில் ஆட்காட்டி, கர்லூ, பொன்னிற உப்புக்கொத்தி, கிரௌஸ், நெட்டைக்காலி ஆகியவற்றின் இனப்பெருக்க வெற்றி சராசரியாக மூன்று மடங்கு. பிரிட்டனில் கர்லூ வேகமாக மறைந்துவரும் இந்தக் காலத்தில், நரியைச் சுடுவதே பாவம் என்று பேசுகிற நண்பர்களிடம் நான் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன். ஓநாயையும் லிங்ஸ் என்ற பெரிய காட்டுப்பூனையையும் அழித்துவிட்டு, நரிக்கு மேலே யாருமில்லாத நிலத்தை உருவாக்கி வைத்தது மனிதன். அதன்பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு இயற்கைக்கு விட்டுக்கொடுப்பது என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

2008இல் லாங்ஹோமில் இரண்டாவது பெரிய முயற்சி, பத்து வருடத் திட்டம். எஸ்டேட், ஆர்எஸ்பிபி என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம், வேட்டைப் பறவை ஆய்வு அறக்கட்டளை, அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் எல்லாம் ஒரே மேசையில். கேம்கீப்பர்கள் திரும்பி வந்தார்கள். ஆடுகளைக் குறைத்தார்கள். ஹெதர் மீளத் தொடங்கியது. பூனைப்பருந்துக்குக் கம்பத்தில் தீனி வைத்தார்கள். கிரௌஸ் குஞ்சு கூட்டுக்குப் போவது அரிதானது. பருந்து மீண்டது. கிரௌஸும் ஓரளவு ஏறியது. ஆனால் துப்பாக்கிக்காரர்களைக் கூப்பிடும் அளவுக்கு ஏறவில்லை. வளர்ந்த பறவைகளின் சடலங்களில் பெரும்பாலானவற்றில் இரைகொல்லிப் பறவையின் அடையாளமே இருந்தது. 2016இல் கேம்கீப்பர் வேலை நிறுத்தப்பட்டது. பிறகு எஸ்டேட் நிலத்தை விற்க முன்வந்தது. ஊர்மக்களின் அமைப்பு நாடெங்கும் நன்கொடை திரட்டி 2021இல் 5,200 ஏக்கரையும் அடுத்த வருடம் இன்னொரு 5,300 ஏக்கரையும் வாங்கி, டாரஸ் பள்ளத்தாக்கு இயற்கைக் காப்பகமாக்கியது. அங்கே இப்போது கிரௌஸ் வேட்டை கிடையாது.

வெளியே நிலைமை வேறு. பத்து வருடத்துக்கு மேலாக ஆய்வாளர்களும் கேம்கீப்பர்களும் ஒன்றாக உழைத்த அதே பிரிட்டனில், 2013இல் இங்கிலாந்து முழுவதிலும் ஒரு கூட்டிலிருந்துகூடப் பூனைப்பருந்துக் குஞ்சு பறந்து வெளியேறவில்லை. முன்னூறு இணைக்கு மேல் வாழ இடமிருக்கும் நாடு அது. செயற்கைக்கோள் கருவி பொருத்திய 58 பருந்துகளை வைத்து 2019இல் வந்த ஆய்வு, அவற்றில் 72 சதவீதம் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டது உறுதி அல்லது மிகவும் சாத்தியம் என்றது. ஒரு பறவை நமக்கு நட்டம் தருகிறது என்பது உண்மையாக இருக்கலாம். அதற்காக ஒரு நாட்டின் பருந்துகளை இருட்டில் சுட்டுப் புதைக்கிறவர்களிடம் எனக்குச் சமரசமே கிடையாது. ஸ்காட்லாந்து 2024இல் கிரௌஸ் மூர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் கொண்டுவந்தது. பருந்தைத் தொட்டால் உரிமமே பறிபோகலாம். காலம் தாழ்ந்து வந்தாலும் சரியான சட்டம்.

தண்டனை மட்டும் போதாது என்றும் நினைக்கிறேன். ஹெதரை மீட்க ஆட்டைக் குறைக்கும் விவசாயிக்கு வருமான இழப்பு. கம்பத்தில் தினமும் எலி வைக்க ஒரு ஆள் கோடை முழுக்க மலையேற வேண்டும். இந்தச் செலவை மூர் முதலாளியே ஏற்க வேண்டும் என்று ஒரு தரப்பு, பருந்து நாட்டின் சொத்து என்றால் நாடே கொடுக்கட்டும் என்று இன்னொரு தரப்பு. என்னைக் கேட்டால், அந்த மலைகளில் ஆடு பெருகியதே அரசு மானியம் கொடுத்து ஊக்குவித்ததால்தான். அதே கருவூலம் இப்போது ஹெதர் திரும்பி வரவும், கம்பத்தில் எலி வைக்கும் ஆளுக்குக் கூலி கொடுக்கவும் கொஞ்சம் திறக்கட்டும்.